பழைய பெட்டியின் பழைய உறுப்புகள்

மலேசியாவில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் கோலாலம்பூரில் தொடங்கியது. பின்னர், ஈப்போவை அடுத்த கிலேடாங் மலைமீது எழுந்த ஒளிபரப்பு நிலையம் கிந்தாப் பள்ளத்தாக்கிற்குப் படத்தைக் கொணர்ந்தது. ரப்பர்த் தோட்டங்களில் ஒரு வீட்டுப் பெட்டி லயத்திற்கே பொதுவாயிற்று. தமிழ்ப்படம் வரும் நாளில் அவ்வீட்டு அஞ்சடியில் பாய்கள் விரிந்தன.

1978 டிசம்பர் 28இல் வண்ண ஒளிபரப்பு தொடங்கியபின் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் மெல்ல மெல்ல ஒதுக்கப்பட்டன. தோட்டங்கள் கைம்மாறி, மக்கள் நகரங்களை நாடியபோது அவற்றுட் பல குப்பையிற் சேர்ந்தன. எஞ்சிய சிலவற்றைப் பேணுவோர்முன் நிற்கும் வினா ஒன்று: எந்த உறுப்பைக் காப்பது, எதனை மாற்றுவது?

எல்லா உறுப்புகளும் ஒருபோல மூப்பெய்துவதில்லை. வால்வுகளும் கம்பிச் சுருள்களும் நெடுங்காலம் உழைக்கக்கூடியவை. மெழுகு பூசிய காகித மின்தேக்கிகளோ நம் நாட்டு ஈரக்காற்றை உறிஞ்சி மின்சாரத்தைக் கசியவிடும். அக்கசிவு வால்வையும் மின்மாற்றியையும் சுட்டெரித்துவிடும். நெடுநாள் உறங்கிய பெட்டியை உடனே முழு மின்னழுத்தத்தில் முடுக்குவோர் பலர் இதனாலேயே அதனை இழந்தனர். படக்குழாய் பழுதுற்றால் அதற்கு ஈடாகப் புதியது கிடைப்பதும் அரிது. அக்குழாய் பல்லாயிரம் வோல்ட்டு மின்னூட்டத்தை நிறுத்தியபின்னும் தேக்கி வைத்திருக்கும். ஆதலின் பயிலாதார் கைவைத்தல் ஆகாது.

எனவே தேர்ந்த கைவினைஞர் நடுவழி ஒன்றைக் கையாளுகின்றனர். மின்தேக்கியின் பழைய கூட்டை அழிக்காமல், உள்ளீட்டை மட்டும் அகற்றி, சிறிய புதிய மின்தேக்கியை அதனுள் வைத்து மெழுகால் மூடுகின்றனர். மாற்றிய உறுப்பைக் குறித்து ஒரு சீட்டைப் பெட்டியினுள் ஒட்டியும் வைக்கின்றனர். 2019இல் அனலாக் ஒளிபரப்பு நின்றமையால், எண்ணிம அலையைப் பழைய வகைக்கு மாற்றித்தரும் கருவியை வெளியே இணைக்கின்றனர், பெட்டியைத் தொடுவதில்லை.

அச்சீட்டே இப்பணியின் உயிர்நாடி. சிதைந்த ஏடுகளைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பாட வேறுபாடுகளை மறைக்கவில்லை, அடிக்குறிப்பில் காட்டினார். மூலம் எது, பின்வந்தது எது என்று அறிவிக்கும் அந்நேர்மை கருவிக்கும் பொருந்தும். அஃதின்றேல், ஒளிரும் பெட்டி இருக்கும்; அது சொல்ல வந்த வரலாறு இராது.