இணங்குவதும் இணக்குவதும்

ஈப்போவிலிருந்து தெற்கே வந்தால், சுண்ணாம்பு மலைகளைக் குடையும் குவாரிகளுக்குப் பக்கத்தில் சிம்பாங் பூலாய். கேமரன் மலைக்கான சாலை இங்கேதான் பிரிகிறது. மலாயில் 'சிம்பாங்' என்றால் சந்தி. 'ஹார்மனைஸ்' என்ற ஆங்கில வினைச்சொல்லின் கிரேக்க வேருக்கும் கிட்டத்தட்ட அதே பொருள்தான்: மூட்டு, இரண்டு பலகைகள் பொருந்தி உட்காரும் இடம். இசைக்கு அது அப்புறம்தான் போனது. ஒருவர் மெட்டைப் பாட, இன்னொருவர் அதே நேரத்தில் வேறு சுரத்தில் சேர்ந்துகொள்வது. வேறு சுரம் இல்லையென்றால் ஹார்மனியே இல்லை.

ஆங்கிலத்தில் தானாகப் பொருந்துவதற்கும் பிறரைப் பொருந்த வைப்பதற்கும் இந்த ஒரே வினைதான். தமிழ் பிரித்து வைத்திருக்கிறது: இணங்கு, இணக்கு. அடங்கு, அடக்கு மாதிரி. ஆனால் 'இணக்கம்' என்று பெயர்ச்சொல்லாக்கிவிட்டால், யார் யாரை இணக்கினார்கள் என்பது மறைந்துபோகும்.

தோட்ட வரலாற்றில் மறைந்தது அதுதான். 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் தமிழ்ப் பால்மரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழியணும் என்றும் கேட்டார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

1975 பிப்ரவரியில் முதலாளிகள் தரப்பும் தொழிற்சங்கத் தரப்பும் தொழில் இணக்கத்துக்கான நடத்தை நெறியை ஏற்றன. சச்சரவைப் பேசித் தீர்க்கணும் என்றது அது. தப்பில்லை. தாளில் இரு தரப்புக்கும் ஒரே பொறுப்பு. தோட்டத்திலோ நாட்கூலி. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இழுத்தது. காத்திருக்கும் சக்தி இரண்டு பக்கமும் ஒன்றா என்ன?

கோயில் மேளத்தில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து இருக்கும். மூச்சு விடாமல் ஒரே சுருதி. இசைக்கு அது வேணும். ஆனால் 'அவன் ஒத்து ஊதுறான்' என்றால் நம் ஊர்ப்பேச்சில் அது வசவு. சொந்தச் சுரம் இல்லாதவன் என்று அர்த்தம். ஹார்மனிக்கும் ஒத்துக்கும் உள்ள வித்தியாசம் நம் ஆட்களுக்கு அகராதி பார்க்காமலே தெரிந்திருக்கிறது.

யாராவது இணக்கம் பற்றிப் பேசினால் தன்வினையா பிறவினையா என்று கேட்டுப் பாருங்கள். சைக்கிளை விட்டு இறங்கி நின்றவனும் பார்வைக்கு இணக்கமாகத்தான் தெரிந்திருப்பான்.