கடைசி வரியில் இருந்த சின்ன எழுத்து



போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு போன். என்னிடம் படித்த பையன் (பையன் என்ன பையன், அவன் மகளே இப்போது கல்லூரியில் படிக்கிறாள்!), கோவையில் பம்பு தயாரிக்கும் இடத்தில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறான். "சார், நாளைக்கு எம்.டி. முன்னாடி பி.பி.டி. போடணும். ஆறு ஸ்லைடு, பத்து நிமிஷம்னு சொல்லிட்டாங்க. வார்ப்புல விரிசல் வருது, அதான் விஷயம். எதைச் சொல்ல, எதை விட?" என்றான். ஏதோ சொல்லி வைத்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. அவனிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலரைக் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு அழைத்துப் போயிருக்கிறேன். டம்டம் பாறை தாண்டுவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் வாந்தி எடுத்ததுதான் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஆய்வகம் அங்கே வந்ததற்கே ஒரு சோகக் கதை உண்டு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு இருக்குமா என்று பார்க்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. சென்னையில் இருந்த வானியல் பணி 1899-ல் மலைக்குப் போனது. 1907-ல் ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்.

1909 ஜனவரி 5. எவர்ஷெட் சூரியப் புள்ளி ஒன்றின் நிறமாலையைப் படம் எடுக்கிறார். புள்ளியில் வாயு சுழல்கிறது என்பதுதான் அன்றைக்கு எல்லோருடைய எதிர்பார்ப்பும். கோடுகள் இடம் மாறித்தான் இருந்தன. ஆனால் சுழற்சி என்றால் எந்தத் திசையில் மாற வேண்டுமோ அந்தத் திசையில் மாறவில்லை, அதற்குக் குறுக்குத் திசையில் மாறியிருந்தன. சூரியனின் நடுவில் புள்ளி இருந்தால் மாற்றம் இல்லை, ஓரத்துக்குப் போகப் போக அதிகம். அப்படியென்றால் வாயு சுழலவில்லை, புள்ளியின் நடுவிலிருந்து வெளியே பாய்கிறது. இன்றைக்கு உலகம் முழுக்க அதை 'எவர்ஷெட் விளைவு' என்கிறார்கள்.

இதை ஒரே ஸ்லைடில் போடலாம்: 'சூரியப் புள்ளி: வாயு வெளிநோக்கிப் பாய்கிறது'. தலையாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவோம். 'ஏன் சுழற்சி இல்லை?' என்ற கேள்விக்கு அதில் இடமே இருக்காது. எவர்ஷெட் அதை ஆய்வகத்தின் அறிக்கையில் வாக்கியம் வாக்கியமாக எழுதினார். 'ஆகவே', 'ஆனால்', 'அப்படியானால்' என்ற சொற்கள் போட்டு எழுதினால்தான் ஓட்டை எங்கே என்று எழுதுகிறவனுக்கே தெரியும். புள்ளி வைத்த வரிகளில் அந்தச் சொற்கள்தான் முதலில் காணாமல் போகின்றன.

அதற்காக ஸ்லைடே கெட்டது என்று சொல்ல வரவில்லை. அதே ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனை நாள்தோறும், மேகம் விட்டால், படம் எடுத்து வைத்திருக்கிறார்கள், அதுவும் பல ஆண்டுகள் கண்ணாடித் தகடுகளில். அப்படிப் பதினோரு வருஷத்துப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரில் போட்டுக் காட்டினால், புள்ளிகள் முதலில் நடுக்கோட்டிலிருந்து விலகித் தோன்றி, வருஷம் போகப் போக அதை நெருங்கி வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எட்டாம் வகுப்புக்கு அதை நான் கரும்பலகையில் மூன்று பீரியட் விளக்கிப் பார்த்திருக்கிறேன், ஒருத்தனுக்கும் ஏறவில்லை. படம், வரைபடம், உடைந்த பாகம், இவற்றுக்குத் திரைக்கு நிகர் எதுவும் இல்லை.

ஓ.எச்.பி. ஷீட்டில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, எச்சில் தொட்டு அழித்த தலைமுறை நாங்கள். பவர்பாயிண்ட் 1987-ல் மெக்கின்டாஷ் கணினிக்கு வந்தது. அதே வருஷம் மைக்ரோசாஃப்ட் அதை உருவாக்கிய கம்பெனியையே 14 மில்லியன் டாலருக்கு வாங்கியது. பிறகு அலுவலகம் என்றால் பி.பி.டி. என்று ஆனது.

கல்பனா சாவ்லாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். 2003 ஜனவரி 16-ல் கொலம்பியா கிளம்பி 81-வது நொடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைத் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே பொறியாளர்கள் கணக்குப் போட்டு நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகள் காட்டினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பைப் படித்தால் பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். கீழே, உள்தள்ளி உள்தள்ளிப் போன கடைசி வரியில், சின்ன எழுத்தில்தான் முக்கியமான விஷயம்: சோதனை செய்து பார்த்த துண்டு 3 கன அங்குலம், மோதியிருக்கக்கூடிய துண்டு 1920 கன அங்குலம். 640 மடங்கு! பிப்ரவரி 1-ம் தேதி திரும்பி வரும்போது ஏழு பேரும் போனார்கள். ஸ்லைடு மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தொழில்நுட்ப அறிக்கைக்குப் பதிலாக ஸ்லைடு காட்டும் பழக்கத்தை விசாரணைக் குழு கண்டித்தே எழுதியது. அடுத்த வருஷம் அமேசானில் மேலதிகாரிகள் கூட்டத்துக்கு பவர்பாயிண்ட் கூடாது, விஷயத்தை வாக்கியங்களாக எழுதிக் கொண்டு வாருங்கள் என்று ஜெஃப் பெசோஸ் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் அவனிடம் போனில் சொன்னேன். சொல்லாதது இனிமேல்தான்.

ஓய்வுக்குச் சில வருஷம் முன், பள்ளிகளைப் பார்வையிட்டு விவரம் சேகரிக்கும் வேலைக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். மலையில் ஒரு சின்னக் கிராமம், ஆரம்பப் பள்ளி, ஒன்பது பிள்ளைகள். பக்கத்துப் பள்ளியோடு சேர்க்கலாமா என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் நான்தான் பி.பி.டி. காட்டினேன். பள்ளிக்கு ஒரு ஸ்லைடு என்று உத்தரவு. 'மாணவர் எண்ணிக்கை: 9'. 'அருகிலுள்ள பள்ளி: ஒன்றரை கி.மீ.' பெரிய எழுத்து, நீல நிறம். அந்த ஒன்றரை கி.மீ. வரைபடத்தில் உள்ள தூரம். நடந்தால் இறக்கம், ஓடை, மறுபடி ஏற்றம். ஐப்பசி, கார்த்திகையில் ஓடையைத் தாண்ட முடியாது, காலையில் பாதையில் காட்டுமாடு நிற்கும். நானே நடந்து, அட்டை கடித்து, தெரிந்துகொண்டது. இடம் போதாததால் அதைக் கடைசியில் 'பாதை சற்றுக் கடினம்' என்று சின்ன எழுத்தில் போட்டேன். அதையாவது வாயால் சொன்னேனா? நேரமாகிறது என்றார்கள், அடுத்த ஸ்லைடுக்குப் பட்டனை அழுத்தினேன். அழுத்தியது என் விரல்தான்.

பள்ளியை மூடிவிட்டார்கள். நாலு பிள்ளைகள் கீழே விடுதிக்குப் போனார்கள். மூன்று பேர் பக்கத்துப் பள்ளிக்குப் போனார்கள், மழை இல்லாத நாட்களில். இரண்டு பெண் பிள்ளைகள் படிப்பையே நிறுத்திவிட்டார்கள். அதில் ஒன்று என்னிடம் அன்றைக்கு வாய்ப்பாடு ஒப்பித்த பிள்ளை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நானே கோவைக்குப் போன் போட்டேன். "டேய், விரிசல் விட்ட பாகத்தோட போட்டோவை முதல் ஸ்லைடில் பெரிசா போடு. எப்படி வந்தது, சரிபண்ணலைன்னா என்ன ஆகும்னு ரெண்டு பக்கம் எழுதி, உட்கார்ந்ததும் ஆளுக்கொரு பிரதி கொடு. படிக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்காதே" என்றேன்.

சாயங்காலம் பேசினான். எம்.டி. இரண்டாம் பக்கத்தில் பேனாவால் கோடு போட்டு, அதிலேயே முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டாராம். மிச்சம் ஐந்து ஸ்லைடுக்குப் போகவே இல்லையாம்.

உங்கள் அலுவலகங்களில் எப்படி? கீழே எழுதுங்கள்.