ஏலக்காய் நகரின் வரிகள்: நிலத்துக்கு விலக்கு, உழைப்புக்கு விதிப்பு

போடிநாயக்கனூரில் வரி என்று பேச்செடுத்தால் ஏலக்காய் மீதான ஐந்து விழுக்காடு ஜிஎஸ்டியே முதலில் நினைவுக்கு வரும். ஆனால் ஒன்றிய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி ஆகிய மூன்றும் இந்த மலைச்சரிவின் பொருளாதாரத்தின் மீது வரி விதிக்கின்றன. யாருக்கு எவ்வளவு சுமை என்பது நிலம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கித் தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஜீப்பேறிச் செல்லும் தேனி மாவட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் நிலமற்றவர்கள். அவர்களுள் தலித் பெண்கள் கணிசமானோர்.

முதலில் வருமானத்தைப் பார்ப்போம். 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 10(1) பிரிவு வேளாண் வருமானத்துக்கு முழு விலக்கு அளித்தது. தேயிலை வளர்த்துத் தயாரிப்பவரின் வருமானத்தில் 40 விழுக்காடு தொழில் வருமானமாகக் கணக்கிடப்பட்டு ஒன்றிய வரிக்கு உட்படுகிறது. ஏலக்காய்க்கு இத்தகைய பிரிப்பு இல்லை. பச்சைக்காயை உலர்த்துவது சந்தைக்கு ஏற்றதாக்கும் வழக்கமான பணி என்பதால், உலர்த்தி விற்ற பணமும் வேளாண் வருமானமே. வேளாண் வருமானத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் அரசமைப்பின்படி மாநிலங்களுக்கு உரியது; அதை முனைப்போடு பயன்படுத்தும் மாநிலங்கள் அரிது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ ஒன்று 7,000 ரூபாய் வரை போனது. அந்த ஏற்றத்தில் கிடைத்த ஆதாயத்துக்கும் இதே விலக்குதான். அந்தக் காயை எடுத்தவரின் கூலியோ சட்டத்தின் பார்வையில் வேளாண் வருமானமே அன்று. ஏனெனில் அது நிலத்திலிருந்து பெறப்பட்டதாகக் கொள்ளப்படுவதில்லை. குறைந்த கூலி என்பதாலேயே அவர் வருமானவரிக்கு வெளியே நிற்கிறார்.

ஜிஎஸ்டியிலும் சாகுபடியாளருக்குப் பதிவு விலக்கு உண்டு. தன் உழைப்பாலோ, குடும்பத்தார் உழைப்பாலோ, தன் நேரடி மேற்பார்வையில் கூலியாட்களைக் கொண்டோ சாகுபடி செய்யும் தனிநபரைச் சட்டம் 'வேளாளர்' என்கிறது (சாதிப் பெயரன்று, சட்டச் சொல்). நிலம் அவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்று வரையறை கோரவில்லை. எனவே குத்தகைக்குப் பயிரிடும் தலித் குடும்பத்துக்கும் இவ்விலக்கு உரியது. வாய்மொழிக் குத்தகையை எப்படி மெய்ப்பிப்பது என்பதுதான் சிக்கல்.

சிறு வணிகரின் நிலை வேறு. சரக்கு விற்போருக்குத் தமிழ்நாட்டில் பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய். ஆனால் மாநிலம் கடந்து விற்றால் இவ்வரம்பு பொருந்தாது. ஒரு மூட்டை அனுப்பினாலும் பதிவு கட்டாயம். ஒரு விழுக்காடு கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் எனப்படும் இணக்கவரித் திட்டத்திலும் வெளிமாநில விற்பனைக்கு இடமில்லை. போடியின் ஏலக்காய்க்குப் பெரும் சந்தை வடமாநிலங்களில் இருக்கிறது. கிட்டங்கியில் தரம் பிரித்துப் பழகிய ஒருவர் சொந்தமாக வணிகம் தொடங்க நினைத்தால், முதல் நாளிலிருந்தே மாதக் கணக்கும் கணக்காளருமாக நிற்க வேண்டும். முதலும் சாதித் தொடர்பும் உள்ள பழைய கமிஷன் கடைகளுக்கு இது பொருட்டன்று.

அந்த வரி எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 2017 ஜூலைக்கு முன், வெளிமாநிலம் செல்லும் சரக்கின் மீதான மத்திய விற்பனை வரி சரக்கு புறப்படும் மாநிலத்துக்கே கிடைத்தது. ஜிஎஸ்டி நுகரும் மாநிலத்துக்குரிய வரி. போடியிலிருந்து டெல்லிக்குப் போகும் ஏலக்காயின் வரியில் மாநிலப் பங்கு டெல்லிக்கே. தொழிலாளர் குடியிருக்கும் தமிழ்நாட்டுக்கோ, அவர்கள் உழைக்கும் கேரளத்துக்கோ அன்று.

உள்ளாட்சியின் தொழில்வரியில் ஏற்றத்தாழ்வு அப்பட்டமாகத் தெரிகிறது. அரசமைப்பின் 276ஆம் கூறு ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில்வரி வசூலிக்கத் தடை விதிக்கிறது. 1988இல் அறுபதாம் திருத்தம் வகுத்த உச்சவரம்பு அது, இன்றுவரை மாறவில்லை. தமிழ்நாட்டில் அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை வரியில்லை. அதாவது மாதம் 3,500 ரூபாயைத் தாண்டினாலே வரி தொடங்குகிறது. அரையாண்டுக்கு 75,000 ரூபாயைக் கடந்தால் உச்ச அடுக்கு. மாதம் 12,500 ரூபாய்க்குச் சற்று மேல் வாங்கும் தூய்மைப் பணியாளரும் கோடிகளில் வணிகம் செய்பவரும் ஒரே அடுக்கில், ஒரே தொகையில் நிற்கின்றனர்.

சென்னை மாநகராட்சி 2024இல் செய்த திருத்தம் இதற்குத் தெளிவான சான்று. 21,001 முதல் 60,000 ரூபாய் வரையிலான மூன்று கீழ் அடுக்குகளுக்கு மட்டும் வரி உயர்ந்தது. முதல் அடுக்கு 135 ரூபாயிலிருந்து 180 ஆனது. உச்ச அடுக்கின் 1,250 ரூபாய் அப்படியே இருந்தது, உயர்த்த அரசமைப்பு இடம் தராததால். 2,500 என்ற உச்சவரம்பு நீடிக்கும்வரை எந்த நகராட்சி திருத்தினாலும் கூடுதல் சுமை கீழேதான் இறங்கும். நாள் கூலி 400 ரூபாய், மாதம் 25 நாள் வேலை என்று கொண்டால் அரையாண்டு வருமானம் 60,000. தோட்டக் கூலிகள் சம்பளப் பட்டியலுக்கு வெளியே இருப்பதால் நடைமுறையில் தப்புகின்றனர். பட்டியலுக்குள் இருக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் தப்ப முடிவதில்லை.

சொத்துவரியில் ஓரளவு படிநிலை உண்டு. 2022 ஏப்ரல் அரசாணைப்படி, நகராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடும் உயர்வு. அரையாண்டின் முதல் மாதத்துக்குள் செலுத்தினால் ஐந்து விழுக்காடு ஊக்கத்தொகை. தாமதித்தால் மாதம் ஒரு விழுக்காடு வட்டி. முதல் அரையாண்டின் சலுகை மாதம் ஏப்ரல். மலையில் காய் எடுப்பு ஓய்ந்து, கூலி குறைந்திருக்கும் மாதமும் அதுவே. புறம்போக்கில் குடியிருப்போர் வரி கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்தலாம். குடியிருப்புக்கு அது சான்றாகும், உரிமைக்கு ஆகாது. பட்டாவுக்குத் தனியே மனு செய்ய வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, தலைக்கு எண்ணெய், பற்பசை ஆகியவற்றின் ஜிஎஸ்டி 18இலிருந்து 5 விழுக்காடாகவும், குடையின் வரி 12இலிருந்து 5 ஆகவும் குறைந்தன. மழைமலையில் வேலை செய்வோருக்கு இது உண்மையான நிவாரணம், கடைக்காரர் விலையைக் குறைத்திருந்தால். ஏலக்காயின் விகிதம் மாறவில்லை. இரசாயனப் பூச்சிமருந்து 18 விழுக்காட்டிலேயே தொடர்கிறது. பதிவில்லாத சிறு சாகுபடியாளர் மருந்துக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெற வழியில்லை.

தொழில்வரிப் பிடித்தம் செய்யப்படும் பணியாளர்கள், பிடித்த தொகை தம் பெயரில் நகராட்சியில் செலுத்தப்பட்டதா என்று ஒப்பந்ததாரரிடம் அரையாண்டுதோறும் ரசீது கேட்டுப் பெறலாம்.