லோயர் கேம்ப் மணிமண்டபம்: வரும் நீரும் போகும் நீரும்

போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலையின் அடிவாரத்தை ஒட்டி தேவாரம், கம்பம், கூடலூர் வழியாகத் தெற்கே சென்றால் லோயர் கேம்ப் என்னும் சிற்றூரை அடையலாம். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கின் (1841–1911) நினைவு மணிமண்டபம் இங்கு அமைந்துள்ளது. அவரது பிறந்தநாளான ஜனவரி 15 அன்று, 2013ஆம் ஆண்டில் இது திறக்கப்பட்டது. உள்ளே அவரது வெண்கலச் சிலையும் அணை தொடர்பான ஒளிப்படங்களும் வைக்கப்பட்டுள்ளன.

மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலக்கும் ஆறு பெரியாறு. அதை அணையால் மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பியதே பென்னிகுவிக்கின் சாதனை. 1886இல் திருவிதாங்கூருடன் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1887இல் பணி தொடங்கியது. வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடித்துச் சென்றது. காய்ச்சல் தொழிலாளர் பலரைப் பலி கொண்டது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய அணை 1895 அக்டோபர் 10 அன்று திறக்கப்பட்டது.

பாசனத்துக்காக வந்த அந்த நீர் பின்னர் குடிநீருமாயிற்று. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்கும் நீர் மதுரை நகரின் தாகம் தீர்க்கிறது. அது போதாமல், நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் நீரை லோயர் கேம்பிலிருந்தே குழாய் வழியாக மதுரைக்குக் கொண்டுசெல்லும் திட்டம் வகுக்கப்பட்டது. தங்கள் வயலுக்குரிய நீர் குறைந்துவிடும் என அஞ்சிய கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் அதை எதிர்த்துப் போராடினர்.

நீரைக் கொண்டுவருவது பொறியியலின் ஒரு பாதி. பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்து வெளியேற்றுவது மறுபாதி. குழாய்நீர் பெருகிய லண்டனில் கழிவு முழுவதும் தேம்ஸ் ஆற்றில் சேர்ந்தது. 1858 கோடையில் எழுந்த துர்நாற்றத்துக்குப் பிறகே ஜோசப் பேசல்கெட் வகுத்த பெரும் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு வழி பிறந்தது. நீர் முன்னே வந்தது. சாக்கடை பின்னேதான் வந்தது.

இந்த மறுபாதி தேனி மாவட்டத்துக்கும் பொருந்தும். கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களைக் கடந்து வரும் முல்லையாறும், போடிக்குக் குடிநீர் தரும் கொட்டக்குடி ஆறும் வைகையில்தான் கலக்கின்றன. மேலே உள்ள ஊர் ஆற்றில் விடும் கழிவுநீர், கீழே உள்ள ஊரின் குடிநீரோடு சேர்கிறது. மணிமண்டபத்துப் படங்கள் நீர் வந்த கதையைச் சொல்கின்றன. பார்த்துவிட்டுத் திரும்பும் மாணவர், தம் ஊர்க் கழிவுநீர் எந்த ஆற்றில் போய்ச் சேர்கிறது என்பதையும் கேட்டறிந்தால், அக்கதை நிறைவுபெறும்.