அமீர்பேட்டையும் ஒரு நீச்சல் குளமும்

அக்கா பையன் இப்போது ஹைதராபாத்தில், அமீர்பேட்டை பக்கம் ஒரு ஹாஸ்டலில் இருக்கிறான். விசா இன்டர்வியூவுக்கு மாக் எடுத்துக்கொண்டிருக்கிறான். 1999-ல் நானும் திண்டுக்கல்லிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு அங்கேதான் போய் ஜாவா படித்தேன். பார்க்காத ஊருக்குப் பயிற்சி எடுப்பதில் அமீர்பேட்டையை அடித்துக்கொள்ள ஆளில்லை :-)

போன வாரம் போனில் கேட்டான்: "மாமா, உங்க ஹ்யூஸ்டன்ல அஸ்ட்ரோநாட்டையெல்லாம் இன்னும் தண்ணிக்குள்ள இறக்குறாங்களாமே? அதான் வி.ஆர். கண்ணாடி வந்துடுச்சே?"

நல்ல கேள்வி. பதிலுக்கு 1966-க்குப் போகணும்.

அந்த வருஷம் ஜூனில் ஜெமினி 9ஏ-யிலிருந்து வெளியே வந்த ஜீன் செர்னன், பிடிக்க இடமில்லாமல் திண்டாடிப் போனார். ஹெல்மெட் கண்ணாடி பனிபிடித்து, மூச்சு வாங்கி, நினைத்த வேலை முடியாமலே உள்ளே திரும்பினார். அவர் பட்டபாடு அடுத்தவருக்குப் பாடமானது. பஸ் ஆல்ட்ரின் பால்டிமோர் அருகே ஒரு பள்ளிக்கூட நீச்சல் குளத்தில் இறங்கி ஒத்திகை பார்த்தார். நவம்பரில் ஜெமினி 12-ல் வேலைகளை நிதானமாக முடித்தார்.

அந்தக் குளத்தின் பேரன்தான் ஹ்யூஸ்டன் குளம். நீளம் 202 அடி, அகலம் 102 அடி, ஆழம் 40 அடி. விண்வெளி உடையில் எடையும் மிதவையும் சேர்த்து, ஆள் மூழ்கவும் மாட்டார், மேலே வரவும் மாட்டார் என்கிற நிலைக்குக் கொண்டுவருவார்கள். ஆனால் தண்ணீரும் கொஞ்சம் பொய் சொல்லும். தள்ளிய பொருளைத் தண்ணீர் தடுத்து நிறுத்திவிடும். மேலே அது போய்க்கொண்டே இருக்கும். உடைக்குள் இருக்கும் ஆளுக்கோ எடை அப்படியேதான், தலைகீழானால் ரத்தம் தலைக்கு ஏறும்.

அந்தக் குறைக்குத்தான் வி.ஆர். 1993-ல் ஹப்பிள் தொலைநோக்கியை ரிப்பேர் செய்யப் போனவர்கள் அதிலும் பயிற்சி எடுத்தார்கள். கயிறு அறுந்து மிதந்து போனால் முதுகிலிருக்கும் சின்ன ஜெட்டை வைத்துத் திரும்பி வருவதைக் குளத்தில் பழக முடியாது, வி.ஆரில் முடியும். ஆனால் ஆறேழு மணி நேரம் அந்தக் கனமான கையுறையை மடக்கும் வலியைக் கண்ணாடி தராது. இப்போது வி.ஆர். கண்ணாடியைத் தண்ணீருக்குள்ளேயே மாட்டிப் பார்க்கும் சோதனைகளும் நடக்கின்றன.

இதில் ஹைதராபாத் சங்கதி ஒன்று. அங்கிருந்து படிக்க அமெரிக்கா வந்த சீனிவாஸ் சாரியின் மகன் ராஜா சாரி நாசா விண்வெளி வீரர். 2022 மார்ச் 23-ம் தேதி மத்தியாஸ் மாரருடன் விண்வெளி நிலையத்துக்கு வெளியே வேலை பார்த்தார். திரும்பி உள்ளே வந்தபோது மாரரின் ஹெல்மெட்டுக்குள் தண்ணீர்! 2013-ல் லூகா பர்மிடானோ ஹெல்மெட்டில் தண்ணீர் நிரம்பி மூச்சுத் திணறியதை எந்தக் குளமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் பிழைத்து வந்து சொன்ன பிறகுதான் ஹெல்மெட்டுக்குள் உறிஞ்சு பஞ்சும் மூச்சுக் குழாயும் வைத்தார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவன், "சரி மாமா, உங்களுக்கு அமீர்பேட்டைல சொல்லித்தராதது எது?" என்றான்.

குளிரைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். சொன்னேன். 2003-ல் ராத்திரி இரண்டு மணிக்கு வந்த போன். அப்போது என் பாஸ்போர்ட் விசா ஸ்டாம்பிங்குக்குப் போயிருந்தது. அது திரும்பி வந்து நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் காரியமே முடிந்து மூன்று நாள். அக்காவிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "பாஸ்போர்ட்டை எப்பவும் கையில வெச்சுக்கணும், இல்லையா மாமா?" என்றான்.

ஆமாம்ப்பா. அதோட வாரம் ஒருதரம் தாத்தா பாட்டிக்கு நீயாகவே போன் பண்ணு.

உங்களுக்கு யாரும் சொல்லித்தராதது எது? அடுத்து வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.