மேசைமேல் எழுந்த மாநகரங்கள்

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜினீவா என்னும் சிற்றூரிலிருந்து 1974-ஆம் ஆண்டில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற விளையாட்டில், ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் வீரனாகவோ மந்திரவாதியாகவோ மதகுருவாகவோ வேஷம் பூண்டு, நடுவர் வாய்மொழியாக விவரிக்கும் உலகத்தில் சஞ்சரித்து, பகடையின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு, ஒரு கதையைக் கூடிப் புனைகிறார்கள். அதன் ஆதி அரங்கம் பாதாளச் சுரங்கம். சுரங்கத்தில் நடுவருக்கு ஓர் அனுகூலம் உண்டு. வலப்புறம் திரும்புவதா இடப்புறம் திரும்புவதா, கதவைத் திறப்பதா விடுவதா என்பதற்கு அப்பால் ஆட்டக்காரரின் இச்சை செல்லாதபடி சுவர்களே தடுத்துவிடும். நகரத்திலோ, அரண்மனைக்குப் புறப்பட்ட வீரன் வழியில் ஒரு கொல்லன் பட்டறையில் நுழைந்து, "இந்த வாள் யாருக்காக?" என்று கேட்டுவிட்டானானால், அந்தக் கொல்லனுக்குப் பெயரும் குணமும் வாடிக்கையாளனும் அந்தக் கணத்திலேயே பிறந்தாக வேண்டும். இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம் தேடிய வரலாறே கற்பனை மாநகர நிர்மாணத்தின் வரலாறு.

இவ்விளையாட்டை இயற்றிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவருக்கும் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. ஃபிரிட்ஸ் லைபர் என்னும் ஆசிரியர் 1939 முதல் எழுதிவந்த கதைகளில் வரும் லாங்மார் என்ற நகரம், திருடர் சங்கமும் புகைபடிந்த சந்துகளுமாக, அக்காலத்து வாசகர் மனத்தில் வேரூன்றியிருந்தது. ஆயினும் ஆர்னசனின் பிளாக்மூர், கைகாக்ஸின் கிரேஹாக் ஆகிய கற்பனை ஊர்கள் தொடக்கத்தில், கோட்டைக்கு அடியிலிருந்த பாதாளத்துக்குப் போகிறவர்கள் ஆயுதம் வாங்கவும், காயம் ஆற்றிக்கொள்ளவும், வதந்தி கேட்கவும் தங்கிச் செல்லும் சத்திரமாகவே பெரும்பாலும் பயன்பட்டன.

நகரத்தையே பிரதான அரங்கமாக்கிய பெருமை, இல்லினாய் மாநிலத்து டெகேட்டர் ஊரைச் சேர்ந்த பாப் பிளெட்சா, பில் ஓவன் என்னும் இருவரையே சாரும். 1976-ஆம் ஆண்டு ஜென்கான் என்ற விளையாட்டு மாநாட்டுக்கு அவர்கள் தாங்கள் கற்பனை செய்த நகரின் பெரிய வரைபடத்தோடு சென்றபோது கடை விரிக்க இடம் கிடைக்காமையால், கூட்டத்தினூடே நடந்தே அதனை விற்றார்கள். 'ஜட்ஜஸ் கில்டு' என்ற அவர்களது ஸ்தாபனம் பின்னர் வெளியிட்ட அந்நகர விவரணத்தில் தெருத் தெருவாகக் கடைகள் குறிக்கப்பட்டன. கடைக்காரன் பெயர், அவன் ஆற்றல், அவன் தாங்கக்கூடிய அடி ஆகியவை இரண்டொரு வரிகளில் அடங்கின. வீரன் எந்தக் கதவைத் தட்டினாலும் நடுவர் பதிலுக்குத் திகைக்கமாட்டார். ஆனால் கடைக்காரன் யார் என்று சொன்ன அந்த ஜாபிதா, அவன் அண்டை வீட்டானை ஏன் வெறுக்கிறான் என்பதைப் பெரும்பாலும் சொல்லவில்லை.

இரண்டாவது பரிகாரம் பகடையிலிருந்து வந்தது. 1979-இல் கைகாக்ஸ் வெளியிட்ட நடுவர் கையேட்டின் பிற்சேர்க்கையில் நகரத்துச் சந்திப்புகளுக்கென ஓர் அட்டவணை உண்டு. அதில் பகலுக்கு ஒரு பத்தியும் இரவுக்கு மற்றொரு பத்தியும் இருந்தமையால், உருட்டி வந்த எண் ஒன்றேயானாலும், எதிர்ப்படுகிற ஆள் வேளைக்குத் தக்கவாறு மாறினான். அதே ஆண்டில் கலிபோர்னியாவிலிருந்து மிட்கெமியா பிரஸ் வெளியிட்ட 'சிட்டீஸ்' என்னும் நூல் இம்முறையையே முழு நூலாக விரித்தது. வீடுகளை எண்ணி எழுதும் சுமை இதனால் குறைந்ததெனினும், தற்செயலாய்ச் சந்தித்த நூறு பேர் சேர்ந்துவிட்டதனால் மட்டும் ஒரு சமுதாயம் உருவாகிவிடுவதில்லை.

மூன்றாவது பரிகாரம் மனிதரின் ஆசைகளைத் துணைகொண்டது. கனடாவின் எட் கிரீன்வுட் சிறு பிராயத்திலிருந்தே கற்பனை செய்துவந்ததும் 1987-இல் அச்சேறியதுமான வாட்டர்டீப் நகரம், பேட்டைகளாகவும் தொழிற்சங்கங்களாகவும் பகுக்கப்பட்டு, முகமூடியணிந்த பிரபுக்களால் ஆளப்படுவது. ஆள்பவருள் பெரும்பாலோர் யார் என்பதே குடிகளுக்குத் தெரியாத ஊரில், விருந்துக்கு அழைக்கும் ஒவ்வொரு கனவானும் சந்தேகத்துக்குரியவனே. 1994-இல் டேவிட் குக் வடிவமைத்த சிஜில் என்னும் நகரமோ, பிரம்மாண்டமான டயரின் உட்புறத்தில் கட்டப்பட்டது போன்ற அமைப்புடையது. வெளியேறச் சாலையின்றி மாயக் கதவுகள் மட்டுமே உள்ள அந்த ஊரில், பிரபஞ்சத்தின் பொருள் யாது என்பது பற்றிப் பதினைந்து கட்சிகள் பிணங்குகின்றன. தத்துவ விசாரமே அங்கே தெருச்சண்டைக்குக் காரணமாகிறது.

இதன்பின் மான்டி குக் 2006-இல் வெளியிட்ட டாலஸ் என்ற நகர நூல் 672 பக்கங்களில், யாத்திரைக் கையேட்டைப் போல ஓரக்குறிப்புகளோடு, முன்சொன்ன முறைகளையெல்லாம் திரட்டித் தந்தது. ஜான் ஹார்ப்பரின் 'பிளேட்ஸ் இன் தி டார்க்' என்ற விளையாட்டோ 2017-இல் எதிர்த்திசையில் சென்றது. அதன் டஸ்க்வால் நகரத்தில் ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஒரு நோக்கம் உண்டு. அந்நோக்கத்துக்கு நடுவர் காகிதத்தில் ஒரு வட்டம் வரைந்து, அதனை நான்கு, ஆறு அல்லது எட்டுக் கூறுகளாகப் பிரித்து, வீரர்கள் ஓய்ந்திருக்கும் வேளைகளில் கூறு கூறாக நிரப்பிவருகிறார். வட்டம் நிறைந்தவுடன் அந்தக் கோஷ்டி தன் காரியத்தைச் சாதித்துவிடுகிறது. வீரர்கள் காணாத இடத்திலும் நகரம் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

மாநகர் என்பது கட்டடங்களின் தொகையன்று, ஒன்றோடொன்று மோதும் விருப்பங்களின் தொகை என்பதே இந்த அரை நூற்றாண்டு முயற்சி தந்த முடிவு. ஆகையால், புதிதாக ஒரு நகரத்தை நிர்மாணிக்க விரும்பும் அன்பர்கள் மதிலையும் கோபுரத்தையும் பின்னால் வரைந்துகொள்ளலாம். ஒரு தெருவில் ஐந்து பேரை வைத்து, அவர்களில் ஒவ்வொருவரும் விரும்புவது யாது, அதற்குக் குறுக்கே நிற்பவர் யார் என்பதை முதலில் எழுதிவிடுங்கள்.