குழாயைக் குலுக்கிய கை

ரத்தம் ஏற்றுறதுக்கு முன்னாடி செய்யும் கிராஸ்மேட்ச் சோதனையின் வரலாற்றைத் தேடிப் படித்ததில், அதை இயந்திரத்திடம் ஒப்படைக்க ரொம்ப நாள் தடையாக இருந்த ஒரு சின்ன வேலை கண்ணில் பட்டது: குழாயைக் குலுக்குவது.

1901-ல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் ரத்த வகைகளை விளக்கி எழுதினார். 1907-ல் நியூயார்க்கில் ரூபன் ஒட்டன்பர்க், கொடுப்பவர் ரத்தத்தையும் பெறுபவர் ரத்தத்தையும் முன்கூட்டியே கலந்து பார்த்தார். அணுக்கள் கட்டி கட்டியாகத் திரண்டால் ஏற்றக் கூடாது. 1945-ல் கூம்ஸ், மூரன்ட், ரேஸ் மூவரும், அணுவில் சத்தமில்லாமல் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடியையும் காட்டிக்கொடுக்கும் சோதனையை வெளியிட்டார்கள்.

ஆனா முடிவைப் படிப்பது கைவேலைதான். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால் அணுக்கள் குழாயின் அடியில் வில்லை மாதிரி படிந்திருக்கும். அதை மெதுவா ஆட்டி, கரையுதா திரளுதா என்று பார்க்கணும். கொஞ்சம் வேகமா ஆட்டினால் பலவீனமான திரளல் கலைந்துவிடும்; சேராத ரத்தம் சேரும் என்று ஆகிவிடும். ஆளுக்கு ஆள் கை வேறு.

பிரான்ஸின் லியோன் நகரில் இவ் லாப்பியேர் 1980-களில் குலுக்கும் வேலையையே தூக்கிவிட்டார். ஜெலட்டின், கண்ணாடி மணிகள் எல்லாம் முயன்று பார்த்து, கடைசியில் செஃபாடெக்ஸ் ஜெல்லில் வந்து நின்றார். மெல்லிய குழாயில் ஜெல், அதன் மேல் கலவை. சுற்றினால் தனி அணுக்கள் நழுவி அடிக்குப் போகும், கட்டிகள் மேலேயே மாட்டிக்கொள்ளும். சல்லடைதான்! 1990-ல் கட்டுரை வந்தது. முடிவு அசையாமல் நிற்பதால் கேமரா படிக்க முடிந்தது. இதில் ரோபோ கையைவிட இந்தச் சல்லடைதான் பெரிய கண்டுபிடிப்பு என்பது என் கட்சி.

அடுத்த அடி இன்னும் துணிச்சல். 1994-ல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு, ரத்தங்களைக் கலக்காமலே கணினி ஒப்பிட்டு அனுமதி தரும் முறையைப் பற்றி எழுதியது. நோயாளியிடம் ஆபத்தான ஆன்டிபாடி இருக்கக் கூடாது. அவர் வகையை இரண்டு முறை பார்த்திருக்கணும்.

ஏன் இரண்டு முறை? பக்கத்துப் படுக்கைக்காரரின் ரத்தத்தை எடுத்து இவர் பெயரை ஒட்டியிருந்தால், எந்த மெஷினும் அதைத் துல்லியமா, தப்பான ஆளுக்குச் சொல்லும். அதனால் பிரிட்டன் மாதிரி இடங்களில் தனியா எடுத்த இரண்டாவது மாதிரி கேட்கிறார்கள். அது வரும்வரை, அவசரம் என்றால் ஓ வகை அணுக்கள்தான்.